உடம்பிலும் ஒரு கொள்ளிடம்

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்கு வழி தப்பிவிடுமோ என்ற பயமே கிடையாது. தெற்கே போனால் காவிரி. வடக்கே போனால் கொள்ளிடம். எந்தச் சந்தில் தொலைந்தாலும் கடைசியில் ஓர் ஆறு குறுக்கே வந்து நின்று, ‘இதற்கு மேல் போகாதே, வீட்டுக்குத் திரும்பு’ என்று சொல்லிவிடும்.

இரண்டும் ஒரே தண்ணீர்தான். மேற்கே முக்கொம்பில் ஒற்றை ஆறாக வந்து இரண்டாகப் பிரிகிறது. எங்கள் தீவைச் சுற்றிக்கொண்டு போய், கிழக்கே கல்லணைக்குப் பக்கத்தில் இரண்டும் மறுபடி ஒன்றையொன்று தொட்டுவிடும் போல நெருங்குகின்றன. ஆனால் ஊர் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஆடிப் பதினெட்டா? சித்திரான்னம் காவிரிக்கு. காதோலை, கருகமணி, மஞ்சள் சரடு எல்லாம் காவிரிக்கு. கொள்ளிடத்துக்கு அந்த மாதிரி உபசாரம் ஏதும் கிடையாது. வெள்ளம் வந்தால் மட்டும் அதன் பெயர் எல்லார் வாயிலும் வரும்.

பெருமாள் மட்டும் இந்தப் பட்சபாதத்தைப் பார்க்கவில்லை. ஐப்பசி ஒரு மாதம்தான் காவிரித் தீர்த்தம் தங்கக் குடத்தில் யானை மேல் ஏறிக் கோயிலுக்குப் போகும். மற்றப் பதினோரு மாதமும் அரங்கனுக்குத் திருமஞ்சன நீர் கொள்ளிடத்திலிருந்துதான். இந்த விஷயத்தை எனக்குச் சொன்னவள் என் அத்தை.

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. 1957-ஆம் வருஷம். கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டு, அத்திம்பேர் காலமான பிறகு, ஒரு தகரப் பெட்டியும் ஒரு பித்தளைச் சொம்புமாகப் பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். கும்பகோணம் என்றால் வெற்றிலை, டிகிரி காப்பி, மகாமகம் என்று மூன்றைச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் நான்காவதாக ஒன்றும் உண்டு. அதைக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். அத்தை வண்டியிலிருந்து இறங்கினபோது முதலில் இறங்கியது அந்த நான்காவதுதான். அவளுடைய இடது கால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரையில் ஒரே பருமனாக, தூண் மாதிரி இருந்தது.

வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. ‘அவ காலு’ என்பார்கள். பூர்வ ஜன்மத்துப் பாவம் என்று பாட்டி தீர்மானித்திருந்தாள். கும்பகோணத்துத் தண்ணீர் என்று அப்பா சொன்னார். அத்தை எதையும் மறுக்கவில்லை. புடவையை இன்னும் கொஞ்சம் தழையக் கட்டிக்கொள்வாள், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஆடிப் பதினெட்டன்று, அத்தையைக் கையைப் பிடித்து அம்மா மண்டபத்துக்கு அழைத்துக்கொண்டு போகும்படி அம்மா என்னிடம் சொன்னாள். கிளம்பினோம். படித்துறை நெருங்கும்போது என் வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர் தேர் இழுத்துக்கொண்டு எதிரே வந்தார்கள். ஒருவன் அத்தையின் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் அத்தையின் கையை விட்டுவிட்டேன். “நான் முன்னாடி போறேன்” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் ஓடிவிட்டேன். சாயங்காலம் வீடு திரும்பியபோது அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியிலேயே திரும்பிவிட்டாள் என்று தெரிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் சொல்கிறேன்.

அந்தக் கால் எதனால் அப்படி ஆயிற்று என்று அறிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. அது ஒரு நல்ல கதை. அதில் லண்டனும் வருகிறது, கல்கத்தாவும் வருகிறது, சென்னை மருத்துவக் கல்லூரியும் வருகிறது. ஆனால் கதை புரிவதற்கு எங்கள் இரண்டு ஆறுகளே போதும்.

*

பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் போல நானும் ரத்த ஓட்டத்தின் படம் வரைந்திருக்கிறேன். நடுவில் இதயம். சிவப்புப் பென்சிலால் போகிற குழாய், நீலப் பென்சிலால் வருகிற குழாய். போவது தமனி, வருவது சிரை. அம்புக்குறி போட்டு வட்டத்தை மூடிவிட்டால் பத்துக்கு எட்டு மார்க்கு.

இந்த வட்டத்தை உலகத்துக்கு முதலில் நிரூபித்துக் காட்டியவர் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய வைத்தியர். அவருடைய புத்தகம் 1628-இல் வெளிவந்தது. அதற்கு முன்னால், ரத்தம் ஈரலில் உற்பத்தியாகி உடம்புக்குள் போய்ச் செலவாகிவிடுகிறது என்றுதான் ஐரோப்பாவில் ஆயிரத்து நானூறு வருஷமாக நம்பியிருந்தார்கள். ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, அரை மணியில் எத்தனை துடிப்பு என்று பெருக்கினார். உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகமாக வந்தது. அத்தனை ரத்தத்தை எந்த ஈரலும் சாப்பாட்டிலிருந்து தயாரிக்க முடியாது. ஆகவே, போன ரத்தமேதான் திரும்பி வரவேண்டும்.

கணக்கு சரி. ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது? ஹார்வியின் கண்ணுக்கு அது தெரியவில்லை. பூதக்கண்ணாடி அவ்வளவு தூரம் முன்னேறவில்லை. அவர் 1657-இல் இறந்துபோனார். நான்கு வருஷம் கழித்து, 1661-இல், மால்பீகி என்ற இத்தாலியர் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து அந்த வழியைக் கண்டுபிடித்தார். தலைமுடியைக் காட்டிலும் பல மடங்கு மெல்லிய குழாய்கள்; ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அகலம்கூட இல்லாதவை. ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக, ஏகாதசியன்று சொர்க்கவாசலில் நுழைகிற ஜனங்களைப் போல, உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் போகவேண்டும். இவற்றுக்குத் தந்துகிகள் என்று பெயர்.

இத்துடன் வட்டம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் அந்த எட்டு மார்க்கை வாங்கினேன். இப்போது யோசித்தால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது தெரிகிறது. ரத்தம் குழாய்க்குள்ளேயே போய்க் குழாய்க்குள்ளேயே திரும்பிவிட்டால், உடம்புக்குச் சாப்பாடு எப்படிக் கிடைக்கும்? காவிரி, கரைக்குள்ளேயே ஓடிக் கடலுக்குப் போய்விட்டால் வயல் எப்படி விளையும்?

வயல் விளைவது ஆற்றில் ஓடுகிற தண்ணீரால் அல்ல. ஆற்றைவிட்டு வெளியே வந்த தண்ணீரால்தான். திருவானைக்கா கோயிலுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். அப்புலிங்கம் என்று பெயர். கர்ப்பக் கிருகத்தில் எப்போதும் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். குழாயும் இல்லை, வாய்க்காலும் இல்லை. இரண்டு பக்கமும் ஆறு இருக்கிற தீவில் மண்ணுக்குள் நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. தென்னை அதைக் குடிக்கிறது, வாழை அதைக் குடிக்கிறது, கிணறு அதனால் நிரம்புகிறது.

நம் உடம்பும் அப்படி ஊறிக் கிடக்கிற ஒரு தீவுதான். தந்துகிகளின் சுவர் வழியாக ரத்தத்திலுள்ள தண்ணீர், உப்பு, சர்க்கரை, பிராணவாயு எல்லாம் வெளியே வந்து, உயிரணுக்களின் இடைவெளிகளில் நிறைகின்றன. சிவப்பணுக்களும் பெரிய புரதங்களும் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. வெளியே வந்த அந்தத் தெளிந்த நீருக்குத் திசுத் திரவம் என்று பெயர். நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள். சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் பிராகாரம் சுற்றினவர்களுக்கு உள்ளங்காலில் கொப்புளம் வரும். அதற்குள் இருக்கிற தண்ணீர் இதுதான். சாதாரணமாக வளர்ந்த ஒரு மனிதருக்கு ரத்தம் ஐந்து லிட்டர். அதில் அணுக்களை நீக்கிய நீர்ப்பகுதி சுமார் மூன்று லிட்டர். திசுத் திரவமோ பத்து லிட்டருக்கு மேல். ஆற்றில் ஓடுவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் மண்ணில் ஊறிக் கிடக்கிறது!

*

ஊறியது அங்கேயே தேங்கினால் என்ன ஆகும்? இதைத் தஞ்சாவூர் ஜில்லாவில் எந்த மிராசுதாரிடமும் கேட்கவேண்டியதில்லை. அவருடைய பண்ணையாளே சொல்லிவிடுவார். பாசன வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வடிகால். வடிகால் தூர்ந்த வயலில் பயிர் தண்ணீர் இல்லாமல் சாகாது. தண்ணீரிலேயே அழுகிச் சாகும். ஆனால் பாசன வாய்க்காலுக்காகத்தான் சண்டை நடக்கும், கோர்ட்டுக்குப் போவார்கள். வடிகாலை யாரும் நினைப்பதில்லை.

உடம்பின் வடிகாலும் அப்படித்தான் வெகுகாலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஹார்வியின் புத்தகத்துக்கு ஆறு வருஷம் முன்பே, 1622-இல், அசெல்லி என்ற இத்தாலிய வைத்தியர் ஒரு நாயை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டிருந்தது. குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை நூல்கள் ஓடுவதைக் கண்டார். நரம்பென்று நினைத்து ஒன்றை வெட்டினார். பால் மாதிரி ஒரு திரவம் வழிந்தது. பட்டினி கிடந்த நாயில் அந்த நூல்கள் தெரியவில்லை. பிறகு 1652-இல் ஸ்வீடனில் ரூட்பெக் என்ற இருபத்தொரு வயது இளைஞர், இந்த மாதிரிக் குழாய்கள் குடலில் மட்டுமல்ல, மற்ற அவயவங்களிலும் உண்டு என்று ராணி கிறிஸ்டினாவின் முன்னிலையில் அறுத்துக் காட்டினார். டென்மார்க்கில் பார்த்தொலின் என்ற பேராசிரியர் 1653-இல் அதையே அச்சிட்டுப் பெயரும் வைத்துவிட்டார். யார் முதல் என்று இருவருக்கும் பெரிய தகராறு. வடிகாலுக்காகவும் சண்டை போட்டவர்கள் உண்டு என்பதற்கு இந்த ஒரு உதாரணம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே.

இந்தக் குழாய்களில் ஓடுவதைத் தமிழில் நிணநீர் என்கிறோம். பெயர் புதிதாக இருந்தாலும் விஷயம் நமக்குப் பழையது. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் ஒரு கட்டி உருண்டு வலிக்கும். ‘நெறி கட்டியிருக்கு’ என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். காலுக்கும் தொடைக்கும் என்ன சம்பந்தம்? பாதத்திலிருந்து புறப்பட்ட வடிகால் அந்த வழியாகத்தான் மேலே போகிறது. போகிற வழியில் ஆங்காங்கே ஒரு சல்லடை. அழுக்கைப் பிடித்து நிறுத்தும் முடிச்சு. அந்த முடிச்சுத்தான் நெறி.

இதற்கு இதயம் மாதிரி தனியாக ஒரு பெரிய யந்திரம் கிடையாது. குழாயின் சுவர் தானே கொஞ்சம் சுருங்கும். நாம் நடக்கும்போது ஆடுசதை பிசைந்து கொடுக்கும். வந்த நீர் பின்னால் போகாமல் சின்னச் சின்னக் கதவுகள் தடுக்கும். இப்படி மெல்ல மெல்ல மேலே ஏறி, மார்புக்குள் ஒரு பெரிய வாய்க்காலாகத் திரண்டு, கடைசியில் இடது தோளுக்குப் பக்கத்தில், கழுத்தின் அடியில், ஒரு சிரையில் கலந்து ரத்தத்தோடு சேர்ந்துவிடும்.

வெளியே எவ்வளவு கசிகிறது, எது அதை உள்ளே இழுக்கிறது என்ற சூட்சுமத்தை 1896-இல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்பவர் விளக்கினார். இதயத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் தங்கிவிட்ட புரதங்கள் நீரை உள்ளே இழுக்கின்றன. இந்தத் தள்ளுதலும் இழுத்தலும் ஏறக்குறையச் சரிசமமாக நிற்பதால்தான் நாம் உப்பியும் போகாமல் வற்றியும் போகாமல் இருக்கிறோம். பஞ்ச காலத்தில் எலும்பும் தோலுமாகிவிட்ட மனிதர்களுக்குக் காலும் வயிறும் மட்டும் வீங்குவதைக் கண்டிருக்கிறார்கள். சாப்பாட்டில் புரதம் இல்லை. ரத்தத்தில் இழுக்கிற ஆள் குறைந்துவிட்டான். தண்ணீர் வெளியிலேயே நின்றுவிட்டது. கடுமையான டெங்குக் காய்ச்சலில் நடப்பது வேறு மாதிரி. அங்கே தந்துகியின் சுவரே தளர்ந்து, நீர் கட்டுமீறிக் கசிந்துவிடுகிறது. குழாய்க்குள் ரத்தம் ஓடுவதற்குப் போதவில்லை.

2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து அணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போனபோது எனக்கு இந்த டெங்குதான் ஞாபகத்துக்கு வந்தது. ஊரே போய்ப் பார்த்தது, நானும் போனேன். காவிரிக்குள் போகவேண்டிய தண்ணீர் கட்டில்லாமல் கொள்ளிடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அது ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டின அணை. கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. காவிரியில் மணல் சேரச் சேரத் தண்ணீரெல்லாம் வடிகாலுக்கே போய்த் தஞ்சாவூர் காய ஆரம்பித்தது. ஸ்டார்லிங் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்பே, எவ்வளவு வெளியே விடலாம், எவ்வளவு உள்ளே நிறுத்தவேண்டும் என்ற அதே கணக்கைக் காட்டன் எங்கள் ஊர் மணலில் போட்டுப் பார்த்திருக்கிறார்.

ஸ்டார்லிங்குக்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பாடப் புத்தகங்களில் ஒரு கணக்கு எழுதி வந்தார்கள். கசிந்த நீரில் பத்துக்கு ஒன்பது பங்கு, தந்துகியின் மறுமுனை வழியாகவே ரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. மிச்சம் ஒரு பங்குதான் நிணநீருக்கு என்று. வடிகாலுக்கு எச்சில் பங்கு! 2010-இல் லெவிக், மைக்கேல் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் பல வருஷத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்து இந்தக் கணக்கைத் திருத்தினார்கள். குடல், சிறுநீரகம் மாதிரிச் சில இடங்களைத் தவிர, பெரும்பாலான திசுக்களில் தந்துகிக்குள் நீர் அப்படி நிலையாகத் திரும்பிப் போவதே இல்லை. கசிந்தது அநேகமாக முழுவதும் நிணநீரின் பொறுப்பு. அவர்கள் மதிப்பின்படி நாள் ஒன்றுக்குச் சுமார் எட்டு லிட்டர். அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி அவ்வளவும், ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு முறை குழாயை விட்டு வெளியே போய்விட்டு, இந்த ஏழை வடிகாலின் தயவில் வீடு திரும்புகிறது.

*

இனி அத்தையின் காலுக்கு வரலாம்.

1872-இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் என்ற ராணுவ டாக்டர் ஒரு நோயாளியின் ரத்தத்தில் உயிருள்ள புழுக்குஞ்சுகள் நெளிவதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத அளவு. 1876-இல் ஆஸ்திரேலியாவில் பான்கிராஃப்ட் என்பவர் அவற்றின் தாய்ப் புழுவைக் கண்டுபிடித்தார். வெள்ளை நூல் மாதிரி, சில அங்குல நீளம். அந்த நூல் குடியிருக்கிற இடம் எது தெரியுமா? நிணநீர்க் குழாய். அத்தனை பெரிய சரீரத்தில் அது தேடிப் பிடித்துக் குடியேறுவது வடிகாலில்தான். வருஷக்கணக்கில் அங்கே வாழ்ந்து, குழாயை விரியச் செய்து, அதன் சின்னக் கதவுகளைப் பாழாக்கிவிடுகிறது. மேலே ஏற வேண்டிய நீர் இறங்கிக் காலில் தங்குகிறது. தேங்கின தண்ணீரில் சும்மா இருக்குமா? சின்ன வெடிப்பு, சேற்றுப்புண் வழியாகக் கிருமிகள் நுழைகின்றன. குளிர்காய்ச்சல், நெறி, வீக்கம். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் கொஞ்சம் பெரிதாகிறது, தோல் தடிக்கிறது. வடிகால் தூர்ந்த வயல்!

அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது? சீனாவில் அமாய் துறைமுகத்தில் டாக்டராக இருந்த பாட்ரிக் மான்சன், தம் தோட்டக்காரர் உடம்பில் இந்தக் குஞ்சுகள் இருப்பதைக் கண்டு, கொசுக்களை அவரைக் கடிக்க விட்டார். பிறகு கொசுக்களை அறுத்துப் பார்த்தார். குஞ்சுகள் கொசுவுக்குள் வளர்ந்துகொண்டிருந்தன. இது 1877-இல். வியாதியை ஒரு பூச்சி சுமக்கிறது என்று கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் மலேரியாக் கொசுவைக் கண்டது அதற்கு இருபது வருஷம் பிறகு. அவருக்கு யோசனை சொல்லி அனுப்பியவரும் இந்த மான்சன்தான். இன்னொரு அதிசயத்தையும் மான்சன் கவனித்தார். பகலில் குஞ்சுகள் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தில் தென்படுவதே இல்லை; ராத்திரியில்தான் கூட்டம் கூட்டமாக வருகின்றன. கொசுவும் ராத்திரியில்தான் கடிக்கிறது. என்ன ஏற்பாடு பாருங்கள்!

செத்த கொசு விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் மனிதனுக்கு வியாதி வருகிறது என்றுதான் மான்சன் வெகுநாள் எண்ணியிருந்தார். ‘கும்பகோணத்துத் தண்ணீர்’ என்ற என் அப்பாவை இனி யார் கேலி செய்ய முடியும்? 1900-இல்தான் ஜார்ஜ் லோ என்பவர் கொசுவின் வாய்க்குழாயிலேயே புழுக்களைக் கண்டு, கடிதான் வழி என்று காட்டினார். அப்பா சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. இந்தக் கொசு முட்டையிடுவது தெருச் சாக்கடையில், தேங்கின அழுக்குத் தண்ணீரில். தெருவின் வடிகால் அடைபட்டால் கொசு. கொசு கடித்தால் உடம்பின் வடிகாலுக்குக் கேடு. பூர்வ ஜன்மம் வரையில் போவானேன்? வாசல் வரையில் போனால் போதும்.

1955-இல் இந்திய சர்க்கார் இந்த வியாதியை ஒழிக்கத் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கியது. அத்தை கும்பகோணத்தில் இருந்தபோது ராத்திரி வேளையில் லாந்தரோடு சிப்பந்திகள் வந்து, தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுத்ததைக் கதையாகச் சொல்லியிருக்கிறாள். “பகல்ல வந்தா ஆகாதாமே! திருடன் மாதிரி வந்தான்கள்” என்பாள். மான்சன் சங்கதி அவளுக்கு யார் சொன்னார்கள்? மாத்திரையும் கொடுத்தார்களாம். இரண்டு நாள் சாப்பிட்டாள். காய்ச்சல் வந்தது, உடம்பு வலித்தது. ‘மருந்தே காய்ச்சலைக் கொண்டு வருகிறதே’ என்று மிச்சத்தைத் துளசி மாடத்துக்குப் பின்னால் எறிந்துவிட்டாள்.

அந்தக் காய்ச்சல் மருந்தின் குற்றம் இல்லை. ரத்தத்திலிருந்த குஞ்சுகள் சாவதால் வருவது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கே அது அடையாளம். இதை உட்கார்ந்து சொல்ல ஆளில்லாததால், அவளைப் போலவே பலரும் அந்த மாத்திரையை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள்.

அத்தை எறிந்த மாத்திரையில் ஒரு மகானின் உழைப்பு இருந்தது. எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமவரத்தில் 1895-இல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்திஜியின் சொல்லைக் கேட்டு அறுவை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றுதான் கிடைத்தது. பிறகு அமெரிக்கா போனார், ஹார்வர்டில் இருந்தார், 1940 முதல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சியை நடத்தினார். பசிபிக் தீவுகளில் யுத்தம் செய்யப்போன அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இந்தப் புழுவைச் சுமந்துகொண்டு திரும்பினார்கள். அதன் பிறகு அவருடைய குழுவிடமிருந்து 1947-இல் வந்த மருந்துதான் டைஎத்தில் கார்பமசீன். அடுத்த வருஷமே சுப்பாராவ் காலமாகிவிட்டார். வயது ஐம்பத்து மூன்று. பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. மருந்து திரும்பி வந்தது. 2004 முதல் நாடு முழுவதும், வியாதி உள்ள ஜில்லாக்களில் வருஷத்துக்கு ஒரு முறை எல்லாருக்கும் கொடுத்தார்களே, அதில் அவருடைய மருந்தும் ஒன்று.

ஆனால் ஏற்கெனவே பருத்துவிட்ட காலை அந்த மாத்திரை பழையபடி ஆக்காது. அதற்கு வைத்தியர்கள் இன்று சொல்லும் சிகிச்சையைக் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைக்கவேண்டும். புண் வந்தால் உடனே மருந்து போடவேண்டும். உட்காரும்போது காலைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்ளவேண்டும். கணுக்காலை அசைக்கவேண்டும், நடக்கவேண்டும். ஆடுசதை பிசைந்து கொடுத்தால் தேங்கின நீர் கொஞ்சமாவது மேலே ஏறும். இவ்வளவுதான். இதனால் காய்ச்சல் குறையும். கால் மேலும் பெருக்காது.

எங்கள் வீட்டில் அத்தை காலை உயர்த்தி வைத்து உட்கார்ந்தால் பாட்டி முறைப்பாள். நடக்கலாம் என்றாலோ, கையைப் பிடித்து அழைத்துப் போகவேண்டிய பையன் கையை விட்டுவிட்டான்.

*

ஆனால் அத்தை நடக்காமல் இல்லை. இதை நான் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். காலேஜில் படிக்கும்போது ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு விழிப்புக் கொடுத்தது. வாசற்கதவு திறந்திருந்தது. தெருக்கோடியில் பித்தளைச் சொம்போடு ஓர் உருவம் வடக்கே போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே போனேன். அந்த ஆடிப் பதினெட்டுக்குப் பிறகு அத்தை காவிரிக்குப் போகவே இல்லை. தினமும் இருட்டிலேயே எழுந்து, யாரும் பார்க்காத நேரத்தில் கொள்ளிடத்துக்கு நடந்திருக்கிறாள். மணலில் உட்கார்ந்து காலை ஓடுகிற தண்ணீரில் நீட்டித் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். எந்த டாக்டரும் சொல்லாமலேயே பாதி வைத்தியத்தைச் செய்துகொண்டிருந்தாள்!

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் திடுக்கிடவில்லை. பெருமாளுக்குப் பதினோரு மாதம் தீர்த்தம் இங்கிருந்துதான் என்ற சங்கதியை அன்றுதான் சொன்னாள்.

“ஏன் அத்தை, காவிரிதானே உசத்தி?” என்று கேட்டேன்.

“அவ கொடுக்கிறவடா. கொடுக்கிறவளைத்தான் எல்லாரும் கொண்டாடுவா. இவ மிச்சத்தை வாங்கிண்டு போறவ. இவ வாங்கிக்கலேன்னா ஊரு மூழ்கிப் போயிடும்.”

அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லாத ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். கொள்ளிடம் வாங்கிக்கொண்டு போவதும் வீணாகிவிடுவதில்லை. கீழே அணைக்கரையில் காட்டன் இன்னோர் அணை போட்டு வைத்தார். அங்கே தடுத்த தண்ணீர் சோழர் வெட்டின வீராணம் ஏரிக்குப் போகிறது. 2004 முதல் அங்கிருந்து குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது. கழுத்தடியில் நிணநீர் ரத்தத்தில் கலப்பதைப் போல, ஊர் கழித்த தண்ணீர் ஊருக்கே திரும்புகிறது.

அத்தை 1971-இல் காலமானாள். அதுவரையில், நான் ஊரில் இருந்த நாட்களில், விடியற்காலையில் அவளோடு கொள்ளிடத்துக்குப் போனேன். போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். “எதுக்குடா, இருட்டிலே யார் பார்க்கப் போறா?” என்று ஒரு நாள் சிரித்தாள். பார்க்கிற வெளிச்சத்தில் பிடித்திருக்கவேண்டிய கை அது. திரும்பும்போது தெருவில் விடிந்திருக்கும். பால்காரர், கோலம் போடுகிறவர்கள் எல்லாரும் இருப்பார்கள். அப்போதும் விடாமல் பிடித்துக்கொண்டுதான் வருவேன்.